கடல் கடந்த கல்வி: சந்திரசேகரின் மாணவப் பருவம்

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், சென்னையில் ஒரு தாய், பத்து வயது நிரம்பாத தம் மூத்த மகனை அழைத்து, அன்றைய நாளேட்டில் வெளிவந்திருந்த செய்தியொன்றைச் சொன்னார். இராமானுசன் என்னும் புகழ்பெற்ற இந்தியக் கணித அறிஞர் முந்தைய நாள் காலமாகிவிட்டார். அவர் சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குச் சென்று அங்குள்ள பெரிய கணித மேதைகளுடன் சேர்ந்து உழைத்தவர். அண்மையில்தான் நாடு திரும்பியிருந்தார். உலகம் அவரை அறிந்திருந்தது. செய்தி அவ்வளவுதான். அந்தச் சிறுவன் சுப்பிரமணியன் சந்திரசேகர். இராமானுசன் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1987-ஆம் ஆண்டில், எழுபத்தாறு வயது முதியவராக, அமெரிக்காவில் ஆற்றிய உரையொன்றில் அவரே இதை நினைவுகூர்ந்தார். அறுபத்தேழு ஆண்டுகள் கழித்தும் அவருடைய நினைவில் செய்தியோடு சேர்ந்து அதைச் சொன்ன தாயும் இருந்தார்.

அச்செய்தியில் இரண்டு பொருள்கள் இருந்தன. நம் ஊரில் பிறந்த ஒருவன் கடல் கடந்து போய் உலகின் முதல்வரிசை அறிஞரோடு சமமாக அமரலாம் என்பது ஒன்று. அப்படிப் போனவன் முப்பத்திரண்டு வயதில் நோயாளியாகத் திரும்பி வந்து இறந்தான் என்பது மற்றொன்று. மகன் முதலாவதை எடுத்துக்கொண்டான். தாய்க்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் பத்தாண்டு கழித்து அதே கல்லூரிக்கு, டிரினிட்டிக்கு, மகனை அனுப்பினார். அயல்நாட்டில் அறிவியல் பயின்ற இந்திய மாணவர் வரலாற்றைப் பட்டங்களின் பட்டியலாகவும் பரிசுகளின் பட்டியலாகவும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. சந்திரசேகர் எதைக் கற்கப் போனார், எதைக் கற்றுக்கொண்டே போனார், அதற்காக எதை விட்டுப் போனார் என்னும் கேள்விகள் அப்பட்டியல்களில் அகப்படுவதில்லை.

1914 மார்ச்சில் இராமானுசன் சென்னையிலிருந்து கப்பலேறியபோது அவருடைய குடும்பமும் சாதியும் சந்தித்த தடுமாற்றம் தமிழர் பலரும் அறிந்ததே. கடல் கடத்தல் ஆகாது என்னும் பழைய விதி, தாயின் மறுப்பு, பின் இசைவு, புறப்படுமுன் குடுமி களைந்தது ஆகிய யாவும் இன்று கதைபோல் தோன்றினாலும் அன்று மெய்யான வேதனைகள். பதினாறு ஆண்டுகளில் இவை பெரிதும் தளர்ந்திருந்தன. ஆனால் கடல் கடந்த மாணவருள் மிகப் பலர் பாரிஸ்டர் பட்டத்துக்கோ ஐ.சி.எஸ். தேர்வுக்கோ போனவர்கள். அறிவியலுக்கென்று போனவர் சிலரே. சந்திரசேகரின் சிற்றப்பா சர் சி. வி. இராமனே அவ்வாறு மாணவராகப் போகவில்லை. இங்கிலாந்தின் தட்பவெப்பத்தை அவருடைய உடல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அவர் இந்தியாவிலேயே தங்கி, நிதித்துறைப் பணியில் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்து, 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்தார். ஒரே குடும்பத்தில் ஒருவர் இங்கிருந்தே உலகை எட்டினார். மற்றொருவர் போய் எட்டினார். 'வெளிநாடு போனால்தான் அறிவியல்' என்று சொல்வோரும் 'போகவே வேண்டா' என்று சொல்வோரும் இந்தக் குடும்பத்தைச் சான்றாகக் காட்ட முடியாது.

தாயார் சீதாலட்சுமியைப் பற்றிச் சற்றே நின்று சொல்ல வேண்டும். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுள் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர் சந்திரசேகர். தந்தை சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். அவருடைய பணியின் காரணமாகவே மகன் 1910 அக்டோபர் 19 அன்று இலாகூரில் பிறந்தார். பன்னிரண்டு வயது வரை பிள்ளைக்கு வீடே பள்ளி. ஆங்கிலமும் கணக்கும் தந்தையிடம்; தமிழ் தாயிடம். இந்தத் தமிழாசிரியை இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1879-இல் வெளிவந்து ஐரோப்பாவையே கலங்கவைத்த அந்நாடகத்தில், கணவனையும் குழந்தைகளையும் விட்டு ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். பெரும்பாலான பெண்டிர் பள்ளி வாசலையே மிதிக்காத நாளில், பெரிய குடும்பமொன்றின் தலைவி அதைத் தமிழாக்கத் தேர்ந்தெடுத்தார் என்பது எளிதாகக் கடந்துபோகத் தக்க செய்தியன்று. நோபல் பரிசு பெற்றபோது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் தாயின் அறிவுத்திறத்துக்குச் சான்றாக மகன் எடுத்துக்காட்டியதும் இந்த மொழிபெயர்ப்பைத்தான். தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றை எழுதுவோர் அவரை இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை. இயற்பியல் வரலாற்றின் அடிக்குறிப்பாக அவர் நிற்பது நம் குறையே.

மகன் ஐ.சி.எஸ். அலுவலராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். விரும்பியதைச் செய் என்று மகன் பக்கம் நின்றவர் தாய். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1925-இல் பதினைந்து வயதுக்குள் மாநிலக் கல்லூரியில் சேர்ந்த சந்திரசேகரின் நாட்டம் கணிதத்தில் இருந்தது. தந்தையின் சொல்லுக்கு இணங்க இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். ஆனால் கணித விரிவுரைகளையும் விடாது கேட்டார். அந்தச் சமரசம் பிற்காலத்தில் எவ்வளவு பெரிய பயனைத் தந்தது என்பதை அவருடைய நூல்களில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் காணலாம்.

1928-இன் இலையுதிர் காலத்தில் ஜெர்மானிய இயற்பியலார் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலைத் தானே படித்துத் தேர்ந்திருந்த கல்லூரி மாணவன், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைக் கண்டான். பாராட்டை எதிர்பார்த்துப் போனவனுக்குக் கிடைத்தது வேறு. அந்நூல் எழுதப்பட்ட பின் இயற்பியலே மாறிவிட்டது; ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் முதலியோர் புதிய குவாண்டம் இயக்கவியலைப் படைத்துவிட்டனர்; அணுத்துகள்களைக் கணக்கிடும் புள்ளியியலும் புதிதாகிவிட்டது என்று பெரியவர் எடுத்துச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், உலோகங்களில் மின்னணுக்களின் இயல்பு பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளையும் கையில் கொடுத்தார். மாணவன் மனம் உடைந்திருக்கலாம், உடையவில்லை. அச்சுப்படிகளைக் கொண்டு புதிய புள்ளியியலைத் தானே கற்று, சில மாதங்களுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினான். அதைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலருக்கு அனுப்ப, அவர் வழியாக அது 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இந்த மாணவனிடமே விடப்பட்டது. ஹைசன்பர்க்குக்கு அப்போது இருபத்தேழு வயது, வழிகாட்டிக்குப் பத்தொன்பது.

சந்திரசேகரைக் கேம்பிரிட்ஜ் உருவாக்கிற்று என்று எழுதுவோர் இந்த இரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். அவரை உருவாக்கியது சென்னையின் நூலகமும், அங்கே தாமதமாகவேனும் வந்து சேர்ந்த இதழ்களும், யாரும் கட்டளையிடாத தனிப் படிப்புமே. சென்னையால் கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. எழுதியதைப் படித்து, இது சரி, இது தவறு என்று சொல்லத்தக்கவர்கள் இங்கே அரியர். அதைத் தேடித்தான் அவர் போக வேண்டியிருந்தது.

1930-இல் கல்லூரி முதல்வராக இருந்தவர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய தாவரவியலாளர் அவர். இங்கிலாந்தில் ஆய்வு செய்வதற்கான அரசு உதவித்தொகை சந்திரசேகருக்குக் கிடைக்கவிருக்கும் செய்தியை அவரே தெரிவித்தார். அந்த ஆண்டு எத்தகையது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஏப்ரலில் தண்டியில் காந்தியடிகள் உப்பெடுத்தார். அதே மாதம் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். மாணவர் பலர் கல்லூரியை விட்டு வெளியேறிச் சிறை சென்றுகொண்டிருந்த கோடையில், ஆங்கில அரசின் உதவித்தொகையில் ஒரு மாணவர் ஆங்கில நாட்டுக்குப் பயணமாக ஆயத்தமானார். இதைக் குற்றமாகக் காண்பது எளிது. ஆனால் அன்று உலகின் பார்வையில் இந்தியரால் ஆகாது என்று எண்ணப்பட்ட செயல்களுள் அறிவியலும் ஒன்று. அதில் ஒருவர் வெல்வது நாட்டுக்குரிய வெற்றியாகவே அக்காலத்து இளைஞரால் உணரப்பட்டது.

வீட்டில் வேறொரு தடை நின்றது. தாயார் கடும் நோயுற்றிருந்தார். மூத்த மகன் இந்நிலையில் புறப்படலாமா என்ற தயக்கம் எழுந்தது. தடையை நீக்கியவர் நோயாளியே. போகத்தான் வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். திரும்பி வரும்போது தாம் இருக்கப்போவதில்லை என்பதை அவர் அறியாதிருந்திருக்க மாட்டார்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் 'பில்ஸ்னா' என்னும் இத்தாலிய நிறுவனக் கப்பலில் சந்திரசேகர் ஏறினார். முதல் நாள்களில் கடல் கொந்தளித்தது, பின்பு அமைதியாயிற்று. அவர் தம்முடன் கொண்டுசென்ற நூல்களுள் ஒன்று ஆர்தர் எடிங்டன் எழுதிய 'விண்மீன்களின் உள்ளமைப்பு'. கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் பரிசாகப் பெற்றது அது. சோமர்ஃபெல்டின் நூலும் காம்ப்டனின் நூலும் உடனிருந்தன. கப்பலின் மேல்தளத்தில் நாற்காலியில் அமர்ந்து அவர் சிந்தித்த பொருளைப் புரிந்துகொள்ள, அக்காலத்து வானியலின் புதிர் ஒன்றை அறிந்துகொள்வது நலம்.

சிரியஸ் என்னும் ஒளிமிக்க விண்மீனுக்குத் துணையாகச் சுழலும் மங்கிய மீன் ஒன்று உண்டு. அதன் நிறை ஏறக்குறையக் கதிரவனின் நிறை. பருமனோ நம் பூமியின் பருமன். அதிலிருந்து ஒரு கன சென்டிமீட்டர் பொருளை எடுத்து வந்தால் டன் கணக்கில் எடையிருக்கும். இத்தகையவற்றை வெண்குறுமீன் என்பர். எரிபொருள் தீர்ந்து குளிரும் இந்த மீன், தன் எடையாலேயே நசுங்கிப் போகாமல் எதனால் நிற்கிறது? 1926-இல் விடை சொன்னவர் ஃபவுலர். நெருக்கப்பட்ட மின்னணுக்கள் ஒரே நிலையில் இரண்டறக் கலக்க மறுப்பதால் ஓர் அழுத்தம் பிறக்கிறது; அதற்கு வெப்பம் தேவையில்லை; அந்த அழுத்தமே மீனைத் தாங்குகிறது. ஆகவே எத்தனை பெரிய மீனும் இறுதியில் வெண்குறுமீனாகி அமைதியடையும் என்று வானியலார் நிறைவுகொண்டனர்.

கப்பலில் இருந்த மாணவர் எழுப்பிய வினா எளியது. அவ்வளவு நெருக்கத்தில், மீனின் மையத்தில், மின்னணுக்கள் எவ்வளவு விரைவாக ஓடும்? கணக்கிட்டபோது அவ்விரைவு ஒளியின் விரைவை நெருங்கிற்று. அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சேர்த்தபோது அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பு மாறிற்று. அடர்த்தி கூடக் கூட அழுத்தம் முன்போல் விரைந்து கூடவில்லை. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் அந்த அழுத்தத்தால் மீனைத் தாங்கவே இயலாது. அதாவது, வெண்குறுமீனுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு மேற்பட்ட மீன் என்னவாகும் என்ற வினாவுக்கு அப்போது அவரிடம் விடை இல்லை. வேறு யாரிடமும் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஸ்டோனர் என்னும் அறிஞர் வேறு வழியில் இத்தகைய ஓர் எல்லையை ஏறத்தாழ அதே காலத்தில் கண்டிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் விண்மீனின் உள்ளமைப்பு முழுவதையும் கருத்தில் கொண்டு அதை நிறுவும் பணி சந்திரசேகருடையதாயிற்று. பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்குமுன், எந்த ஆசிரியரின் மேற்பார்வையும் இன்றி, இரண்டு நாடுகளுக்கு நடுவே நீரின் மேல் இது நிகழ்ந்தது.

கேம்பிரிட்ஜில் அவர் இரண்டு கட்டுரைகளை ஃபவுலரிடம் கொடுத்தார். முதலாவது ஃபவுலரின் கொள்கையை விரித்துச் செல்வது. அதை அவர் மகிழ்ந்து ஏற்றார். எல்லையைப் பற்றிய இரண்டாவது கட்டுரையில் அவருக்குத் தெளிவு ஏற்படவில்லை. மில்ன் என்னும் வானியற்பியலாருக்கு அனுப்பினார். அவரும் ஊக்கம் காட்டவில்லை. மாதங்கள் கடந்தன. சந்திரசேகர் காத்திராமல் அதை அமெரிக்காவின் வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். 1931-இல் அது வெளிவந்தது. இரண்டே பக்கம். அதில் கண்ட எல்லை கதிரவனின் நிறையைப் போல் 0.91 மடங்கு. வெண்குறுமீனின் வேதிப்பொருள் பற்றிய அறிவு திருந்திய பின் அது ஏறத்தாழ 1.4 மடங்கு என்று நிலைபெற்று, இன்று 'சந்திரசேகர் எல்லை' என வழங்குகிறது. அன்றோ கேம்பிரிட்ஜில் அதைப் பற்றிப் பேசுவாரில்லை.

முதல் ஆண்டின் தனிமையை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. சென்னையில் அவர் ஊரறிந்த மாணவர். ராயல் சொசைட்டி இதழில் எழுதியவர். கேம்பிரிட்ஜிலோ தெருவில் எதிர்ப்படுபவர் ரதர்ஃபோர்டாக இருக்கலாம், உணவு மேசையில் அமர்ந்திருப்பவர் எடிங்டனாக இருக்கலாம். தம் சிறுமை அங்கேதான் தமக்குத் தெரிந்தது என்பது அவருடைய கூற்றின் சாரம். சைவ உணவை வாழ்நாள் முழுதும் விடாத அவருக்கு அந்நாட்டு உணவுக்கூடம் பெரிதாக எதையும் தந்திருக்க இயலாது. முதற்பருவம் முடியுமுன், 1930 நவம்பரில், சிற்றப்பா இராமனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதனால் அந்த இளைஞரின் பெருமிதம் கூடியிருக்கும். அதைவிட அவரிடம் பிறர் எதிர்பார்ப்பதும் கூடியிருக்கும். புகழ்பெற்ற குடும்பத்துப் பிள்ளை என்பது அயல்நாட்டில் ஒரு சுமையே.

அந்தச் சுமையை இறக்கிவைக்க அவர் கண்ட வழி உழைப்பு. டிராக்கின் குவாண்டம் இயக்கவியல் விரிவுரைகளை ஆண்டுதோறும் மாறாமல் நான்கு முறை கேட்டார். சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுபவர் டிராக். ஒருமுறை சொன்னதை அடுத்த ஆண்டும் அப்படியே சொல்வார், சிறந்த சொல் ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் மாற்ற வேண்டியதில்லை என்பதுபோல. கவிஞர்களுக்கு இது விளங்கும்.

1931 மே மாதத்தில் சென்னையிலிருந்து தந்தி வந்தது. சீதாலட்சுமி காலமாகிவிட்டார். மகன் புறப்பட்டுப் பத்து மாதமே ஆகியிருந்தது. அக்காலத்தில் கப்பலேறி வந்து சேர மூன்று வாரம் ஆகும். தாய்க்குக் கொள்ளியிட வேண்டிய மூத்த மகன் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். துயரைப் பங்கிட்டுக்கொள்ளத் தமிழ் பேசும் உறவு அருகே இல்லை. இராமானுசனின் செய்தியைச் சொன்ன குரல் அடங்கியது. அயல்நாட்டுக் கல்விக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடுவோர் கட்டணத்தையும் கப்பல் கூலியையும் எழுதுகின்றனர். இந்தச் செலவுக்கு அந்த ஏட்டில் இடமில்லை.

அக்கோடையில் அவர் கேம்பிரிட்ஜை விட்டு விலகி, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மாக்ஸ் போர்னின் நிலையத்துக்குச் சென்றார். குவாண்டம் இயக்கவியல் பிறந்த ஊர்களுள் ஒன்று அது. இரண்டே ஆண்டில், 1933-இல், இட்லரின் ஆட்சி யூதரான போர்னைப் பதவியிலிருந்து அகற்ற, அவர் அகதியாகக் கேம்பிரிட்ஜுக்கே வந்து சேர்ந்தார். அறிவியலைக் கற்கக் கடல் கடந்த மாணவனும், அறிவியலைக் கற்பித்ததன்றி வேறு குற்றம் அறியாமல் நாடிழந்த ஆசிரியரும் ஒரே ஊரில் வாழ்ந்த காலம் அது.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய பின்னும் மனம் அங்கே நிலைகொள்ளவில்லை. வானியலை விட்டுத் தூய இயற்பியலுக்கே போய்விடலாமா என்ற குழப்பம் வேறு. டிராக்கின் யோசனைப்படி 1932 ஆகஸ்டில் கோபன்ஹேகனுக்கு, நீல்ஸ் போரின் நிலையத்துக்குச் சென்றார். அங்கிருந்தோர் ஏறத்தாழ அவர் வயதினர், நாடு பல, சிரிப்பும் வாதமும் நிறைந்த இடம். அங்கே டிராக் கொடுத்த ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டதாக எண்ணிக் கட்டுரையும் எழுதினார். டிராக் அதில் பிழை கண்டார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதை வாழ்க்கை வரலாறுகள் ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் கடல் கடந்து அவர் தேடிப் போனது இதுவேயன்றோ! பிழையைப் பிழையென்று காட்டும் ஒருவர், காட்டப்பட்டதும் ஏற்றுக்கொள்ளும் துணிவு. தம் துறை வானியற்பியலே என்ற தெளிவும் அந்தத் தோல்விக்குப் பின்னரே வந்தது. கோபன்ஹேகனில் கிடைத்த மற்றொரு செல்வம் லியோன் ரோசன்ஃபெல்டின் நட்பு. அதன் பயன் பின்னால் தெரியும்.

1933-இல் சுழலும் விண்மீன்களின் வடிவம் பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. உதவித்தொகைக் காலமும் முடிந்தது. தாயகம் திரும்ப வேண்டும் என்பது தந்தையின் எதிர்பார்ப்பு. நம்பிக்கையின்றியே டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளர் தகுதிக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அக்டோபரில் தேர்வானார். இராமானுசன் 1918-இல் பெற்ற அதே தகுதி; பெற்ற இந்தியருள் இவர் இரண்டாமவர். அதன் பின் மாணவர் என்ற பெயர் நீங்கிற்று. ஆனால் மாணவப் பருவத்தின் கடைசித் தேர்வு இன்னும் பாக்கியிருந்தது.

1934-இல் சோவியத் நாட்டுக்குச் சென்றபோது அங்கிருந்த அம்பர்த்சூமியன் என்னும் இளம் வானியலார், வெண்குறுமீன் பற்றிய கணக்கைத் தோராயமின்றி முழுமையாகச் செய்து முடிக்கும்படி தூண்டினார். திரும்பி வந்து, கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் எண்களோடு போராடினார். அந்நாள்களில் அவருடைய அறைக்கு அடிக்கடி வந்து, வேலை எவ்வளவில் இருக்கிறது என்று பரிவோடு விசாரித்தவர் எடிங்டன். பரிசாகப் பெற்று இந்தியாவிலிருந்து கொண்டுவந்த அந்த நூலின் ஆசிரியர். 1919-இன் சூரிய கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று கண்டவர். அந்நாளைய வானியலின் முடிசூடா மன்னர். தம் கருத்து என்ன என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்த எடிங்டன், அந்த எல்லை அபத்தமானது என்றும், விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றும் கூறினார். அவையில் சிரிப்பு எழுந்தது. எல்லைக்கு மேற்பட்ட மீன் சுருங்கிக்கொண்டே போய் ஒளியும் தப்பமுடியாத நிலையை அடையும் என்பதை எடிங்டன் தெளிவாகவே கண்டிருந்தார். கண்டும், அது நடவாது என்றார். இன்று கருந்துளை என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும் பொருளை, கணக்கின் முடிவாக எதிரே கண்டவர் அதைக் கணக்குக்கு எதிரான சான்றாகக் கொண்டார்.

சந்திரசேகருக்கு இருபத்துநான்கு வயது. பெரியவரின் சொல்லை எதிர்த்து அவையில் யாரும் பேசவில்லை. அவர் கோபன்ஹேகனில் இருந்த ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். எடிங்டனின் வாதத்துக்கு இயற்பியலில் இடமில்லை என்பது அங்கிருந்தோரின் கருத்து. பவுலியும் அதையே சொன்னார். ஆனால் எவரும் வெளிப்படையாக, அச்சில், பெயரிட்டு மறுக்க முன்வரவில்லை. வானியலாரின் சண்டை என்று இயற்பியலார் ஒதுங்கிக்கொண்டனர். பிற்கால எழுத்தாளர் சிலர் இதை நிறவேற்றுமையின் கதையாக விளக்க முயல்கின்றனர். சந்திரசேகர் அவ்வாறு விளக்கவில்லை. இருவரும் நண்பராகவே இருந்தனர். விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டத்துக்குச் சேர்ந்து போனதும் உண்டு. 1944-இல் எடிங்டன் இறந்தபோது சிகாகோவில் நினைவுரை ஆற்றியவர் சந்திரசேகரே. நூற்றாண்டு விழாவையொட்டி 1982-இல் டிரினிட்டிக்கே சென்று அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவரும் அவரே. தம்மை அவமதித்தவரை அவருடைய காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலார் என்று மனமாரச் சொல்லும் ஆற்றல் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் இல்லை.

இருப்பினும் காயம் காயமே. வாதத்தை வளர்ப்பதில்லை என்று முடிவு செய்து, அதுவரை செய்தவற்றையெல்லாம் தொகுத்து 1939-இல் ஒரு நூலாக வெளியிட்டு, அத்துறையை விட்டு விலகினார். பின்னர் ஒவ்வொரு பத்தாண்டும் ஒரு புதிய துறை, முடிவில் ஒரு பெருநூல் என்று அவருடைய வாழ்வு அமைந்ததற்கு வித்து அந்த ஜனவரி மாலையில் விழுந்தது எனலாம். நோபல் பரிசு 1983-இல் வந்தது. கப்பலில் கண்ட முடிவுக்கும் பரிசுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள்.

ஹார்வர்டின் அழைப்பை ஏற்று 1935 இறுதியில் அமெரிக்கா சென்ற அவருக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணி கிடைத்தது. 1936-இல், புறப்பட்ட ஆறு ஆண்டுக்குப் பின், முதன்முறையாகச் சென்னைக்கு வந்தார். அந்தச் செப்டம்பரில் லலிதாவை மணந்தார். அவரும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்றவர், ஓராண்டு இளைய வகுப்பினர், இளம் விதவையருக்குக் கல்வி தந்த சகோதரி சுப்புலட்சுமியின் குடும்பத்துப் பெண். அவர் கடல் கடந்தது மனைவியாக, மாணவியாக அன்று. 1924-இலேயே சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலிருந்து தாவரவியல் பயில மிச்சிகன் சென்ற ஜானகி அம்மாளைப் போன்றவர்கள் விதிவிலக்குகள். அதே வகுப்பறையில் அதே பாடத்தைப் படித்த இருவருள் ஒருவரின் இயற்பியல் மட்டும் வரலாற்றில் ஏறியது ஏன் என்பது விரிவான ஆய்வுக்குரியது.

அந்த வருகையின்போது சந்திரசேகருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. இராமானுசனின் நல்ல ஒளிப்படம் ஒன்றுகூடக் கேம்பிரிட்ஜில் இல்லை என்பதால், கிடைத்தால் கொண்டுவரும்படி ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகர் இராமானுசனின் துணைவியார் ஜானகியைத் தேடிச் சென்று கண்டார். பதினாறு ஆண்டுகள் விதவையாக வாழ்ந்திருந்த அவரிடம் படம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கணவர் 1919-இல் நாடு திரும்பியபோது வைத்திருந்த கடவுச்சீட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்த சிறு படத்தைச் சந்திரசேகர் படியெடுத்துச் சென்றார். நோயால் மெலிந்த முகத்தில் கண்கள் மட்டும் ஒளிர நம்மைப் பார்க்கும் அந்தப் படமே பின்னர் உலகெங்கும் இராமானுசன் என்று அறியப்படலாயிற்று. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்று ஜானகி அம்மையார் முதுமையில் வருந்தியபோது, அயல்நாட்டுக் கணித அறிஞர் பலர் சேர்ந்து 1980-களில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்டைக் கொண்டு ஒரு மார்பளவுச் சிலை செய்து அவருக்கு அளித்தனர். சிற்பி முன்னால் வைத்துக்கொண்டு செதுக்கியது அந்தக் கடவுச்சீட்டுப் படத்தைத்தான்.